குடும்பத்தோடு வானாய்வகம் போகிறீர்களா? முதலில் நிலவின் நாளைப் பாருங்கள்

விடுமுறைப் பயணத்தின் நடுவே ஒரு இரவை வானாய்வகத்துக்கு ஒதுக்க நினைக்கிறீர்கள். ஆறு வயதிலும் பதினொரு வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூடவே அறுபத்தாறு வயதில் உங்கள் அம்மா. எப்படிப்பட்ட இடத்தைத் தேர்வு செய்வது, எந்த நாளில் போவது, அங்கே உண்மையில் என்ன தெரியும், பிள்ளைகள் சலித்துப்போவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுமக்களுக்கு வானம் காட்டும் இரவுகளில் தொலைநோக்கிக்குப் பக்கத்தில் நின்று உதவுகிறவன் நான். அங்கே பார்த்ததையும் கற்றதையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் தேதி. நிறைய குடும்பங்கள் ஊர், தங்குமிடம், வண்டி எல்லாவற்றையும் முடிவு செய்த பிறகுதான் நிலவைப் பற்றி யோசிக்கிறார்கள். பௌர்ணமியை ஒட்டிப் போனால் எவ்வளவு உயரமான மலையில் நின்றாலும் வானம் வெளுத்துப்போயிருக்கும். மங்கலான எதுவும் கண்ணுக்கு அகப்படாது. சரி, நிலவையாவது பார்க்கலாமே என்றால், அன்றைக்கு அதுவும் நன்றாக இருக்காது. முழுநிலவில் சூரிய ஒளி நேராக விழுகிறது, பள்ளங்களுக்கு நிழலே இல்லை. கண் கூசுவதுதான் மிச்சம்.

அமாவாசைதான் சிறந்த நாள் என்று வானியல் ஆர்வலர்கள் சொல்வார்கள். பால்வீதிக்கும், விண்வெளியில் வாயுவும் தூசும் திரண்ட மேகங்களான நெபுலாக்களுக்கும் அது சரிதான். ஆனால் சிறு பிள்ளைகளோடு முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது வளர்பிறையின் நான்காம் நாளிலிருந்து எட்டாம் நாளுக்குள் ஒரு நாள். இருட்டத் தொடங்கும்போதே நிலவு வானத்தில் தயாராக இருக்கும். வெளிச்சப் பக்கமும் இருட்டுப் பக்கமும் சந்திக்கும் கோட்டை ஒட்டிப் பள்ளங்கள் நீண்ட நிழலோடு எடுப்பாகத் தெரியும். அந்தக் கோட்டைத் தாண்டி, இருட்டுக்குள் தனியாக ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி தெரிகிறதா என்று தேடச் சொல்லுங்கள். அங்கே இப்போதுதான் பொழுது விடிகிறது. மலை உச்சியில் வெயில் பட்டுவிட்டது, அடிவாரம் இன்னும் இருட்டில் கிடக்கிறது. இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் பார்க்கவிட்டால் ஆறு வயதுப் பிள்ளைக்கும் புரியும். ஐந்தாம் பிறை ஏறக்குறைய இரவு பத்து மணிக்குள் இறங்கிவிடும். அதற்குப் பிறகும் விழித்திருப்பவர்களுக்கு இருண்ட வானமும் அதே இரவில் கிடைக்கும்.

அடுத்தது இடம். வானாய்வகம் என்றதும் மலை உச்சியில் பெரிய வெள்ளைக் குவிமாடம்தான் நினைவுக்கு வரும். அந்தக் குவிமாடத்துக்குள் இருக்கும் பெரிய தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்க முடியாது என்பதைப் பிள்ளைகளிடம் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஹவாயின் மௌனா கியா உச்சியில் இருக்கும் இரண்டு கெக் தொலைநோக்கிகளிலும் ஒளியைச் சேர்க்கும் கண்ணாடி 10 மீட்டர் அகலம், 36 துண்டுகளைச் சேர்த்துச் செய்தது. ஒளி நேராகக் கேமராவுக்கும், ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் நிறமாலைக் கருவிக்கும் போகிறது, மனிதக் கண்ணுக்கு அங்கே வேலை இல்லை. லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் இமாலய சந்திரா தொலைநோக்கி இருக்கிறது. அதை இயக்கும் வானியலாளர்கள் பெங்களூருக்கு அருகில் உட்கார்ந்து செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இயக்குகிறார்கள். இப்படிப்பட்ட இடங்களில் இரவு என்பது ஆய்வுக்கான நேரம். காரின் முகப்பு விளக்கு ஒன்று குவிமாடத்தின் பக்கம் திரும்பினால்கூட வேலை கெட்டுப்போகும். அதனால் பெரும்பாலும் பகலில்தான் உள்ளே விடுவார்கள். சில இடங்களில் குறிப்பிட்ட மாலைகளில் மட்டும், தனியாக வைத்திருக்கும் சிறிய தொலைநோக்கிகளில் வானத்தைக் காட்டுவார்கள்.

அந்தச் சிறிய தொலைநோக்கிகளைக் குறைவாக எடைபோடாதீர்கள். இருட்டில் நன்கு விரிந்த கண்மணியின் குறுக்களவு சுமார் 7 மில்லிமீட்டர். 30 சென்டிமீட்டர் தொலைநோக்கி அதைப் போல 1,800 மடங்குக்கு மேல் ஒளியைச் சேர்த்துக் கொடுக்கிறது. ஒரு குடும்பம் ஓர் இரவில் பார்க்க வேண்டிய எல்லாவற்றுக்கும் இது தாராளம். லாஸ் ஏஞ்சலஸில் 1935-இல் திறந்த கிரிஃபித் வானாய்வகத்தில் இருப்பது ஜெர்மனியின் ஸைஸ் (Zeiss) நிறுவனம் செய்த, அந்த அளவுள்ள ஒரு தொலைநோக்கிதான். அத்தனை வெளிச்சமான நகரத்தின் நடுவிலிருந்து இன்றுவரை மக்களுக்கு நிலவையும் கோள்களையும் காட்டிக்கொண்டிருக்கிறது. நிலவும் கோள்களும் பிரகாசமானவை, நகர வெளிச்சம் அவற்றைக் கெடுக்காது. ஆகவே உங்கள் பாதையில் இருண்ட மலை எதுவும் இல்லை, ஒரு நகரத்துப் பொது வானாய்வகம்தான் இருக்கிறது என்றால் தயங்காமல் போங்கள்.

பழைய வில்லைத் தொலைநோக்கி உள்ள இடம் பாதையில் வந்தால் அதை விடவே விடாதீர்கள். கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் 1888 முதல் இருக்கும் தொலைநோக்கியின் வில்லை 91 சென்டிமீட்டர் அகலம். 1892-இல் பர்னார்ட் என்ற வானியலாளர் அதில் கண் வைத்துப் பார்த்துத்தான் வியாழனின் ஐந்தாவது நிலவான அமால்தியாவைக் கண்டுபிடித்தார். கேமரா உதவி இல்லாமல், கண்ணால் மட்டும் பார்த்துக் கண்டுபிடித்த நிலவுகளில் அதுதான் கடைசி. பதினொரு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லிக் கூட்டிப்போனால், அந்த நீளமான குழாயை வேறு மாதிரி பார்க்கும். நம் பக்கத்தில், தமிழ்நாட்டின் காவலூர் வானாய்வகத்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனுக்கு முன்னால் கடந்தபோது அந்த விண்மீனின் ஒளி எதிர்பாராத நேரத்தில் மங்கியது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது அப்படித்தான் தெரியவந்தது. அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியும் ஒன்று.

கோளரங்கத்தையும் வானாய்வகத்தையும் குழப்பிக்கொள்ளாமல் பதிவு செய்யுங்கள். கோளரங்கத்தில் கூரையில் படம் காட்டுவார்கள். அதுவும் நல்லதுதான், ஆனால் நீங்கள் தேடுவது அது இல்லை. பதிவு செய்யும்போது இரண்டே கேள்விகள் கேட்டால் போதும்: கண் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி உண்டா, எந்த வயதிலிருந்து பிள்ளைகளை இரவில் அனுமதிக்கிறீர்கள்?

மலை என்றால் உயரத்தைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். மௌனா கியா உச்சி 4,207 மீட்டர். கடற்கரையிலிருந்து சில மணி நேரத்தில் காரில் ஏறிவிட முடிகிறது, உடம்பு அந்த வேகத்துக்குப் பழகுவதில்லை. சிறு பிள்ளைகள், கர்ப்பிணிகள், இதயமோ நுரையீரலோ பலவீனமாக உள்ளவர்கள் உச்சிக்குப் போக வேண்டாம் என்று அங்கேயே எச்சரிக்கிறார்கள். காற்று உருளையோடு கடலுக்கடியில் நீந்தியவர்கள் அடுத்த 24 மணி நேரத்துக்கு ஏறவே கூடாது. கடற்கரை ஊர்களைச் சுற்றி வருகிற பயணத்தில் இது சுலபமாக மறந்துபோகும் விஷயம். இதில் குடும்பங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. விழித்திரைக்கு நிறைய ஆக்சிஜன் தேவை. உச்சியில் அது குறைவதால் வெறும் கண்ணுக்கு அங்கே விண்மீன்கள் மங்கலாகத்தான் தெரியும். 2,800 மீட்டரில் உள்ள பார்வையாளர் நிலையத்தில் நின்று பார்த்தால் கண்ணுக்கு அதைவிட நிறையவே தெரியும். பிள்ளைகளையும் அம்மாவையும் வைத்துக்கொண்டு உச்சிக்கு ஆசைப்பட வேண்டிய தேவையே இல்லை. ஹான்லே போன்ற இடம் என்றால் வழியில் சில நாட்கள் தங்கி உடம்பைப் பழக்கிய பிறகுதான்.

இனி கண். இருட்டுக்குக் கண் முழுவதும் பழக இருபதிலிருந்து முப்பது நிமிடம் ஆகும். ஒரே ஒரு தடவை போனைத் திறந்து பார்த்தால் அவ்வளவும் போச்சு, மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். அதனால் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்பே போய்ச் சேர்ந்து, வண்டியின் உள்விளக்கை அணைத்துவிட்டு, வெளியே நின்று சும்மா வானத்தைப் பாருங்கள். அந்த அரை மணியில் விண்மீன்கள் கூடிக்கொண்டே போவதைப் பிள்ளைகள் தாங்களே கவனிப்பார்கள். சிவப்பு விளக்கு மட்டும் பயன்படுத்தலாம். மங்கலான ஒளியை உணரும் செல்கள் சிவப்பைக் கிட்டத்தட்ட உணர்வதில்லை, அதனால் பழக்கம் கலையாது. டார்ச் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மூன்று மடிப்பாக ஒட்டினாலும் போதும்.

இந்தச் செல்கள் விழித்திரையின் நட்ட நடுவில் கிடையாது. ஆகவே மங்கலான ஒன்றை நேராக முறைத்தால் மறைந்துவிடும், சற்றே தள்ளிப் பார்த்தால் தெரியும். ஆண்ட்ரோமீடா கேலக்ஸிக்கு இந்த வித்தை கட்டாயம் வேண்டும். பிள்ளைகள் இதை ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொள்வார்கள்: நேராகப் பார், காணோம். ஓரமாகப் பார், வந்துவிட்டது.

பிள்ளைகளைத் தொலைநோக்கியில் பார்க்க வைப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான ஏமாற்றம் இங்கேதான் நடக்கிறது. வரிசையில் வந்த பிள்ளை முக்காலியில் ஏறும், கண் வைத்துப் பார்க்கும் முனையான ஐபீஸை இரண்டு கையாலும் பிடிக்கும். தொலைநோக்கி நகர்ந்துவிடும், கோள் ஓடிவிடும். பிள்ளை ஒன்றும் தெரியாமல் “தெரியுது” என்று சொல்லிவிட்டு இறங்கும். பின்னால் ஆள் நிற்கிறார்கள், அப்பா அவசரப்படுத்துகிறார், வேறு என்ன சொல்லும்? நான் செய்வது இப்படி. கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்வேன். ஒரு கண்ணை மூடத் தெரியாத பிள்ளைக்கு அதன் உள்ளங்கையாலேயே அந்தக் கண்ணை மூடிவிடுவேன். நெற்றியை முட்டாமல் மெதுவாகக் கிட்டே வரச் சொல்வேன். கண் சரியான இடத்துக்கு வந்துவிட்டால் ஐபீஸிலிருந்து வரும் ஒளி பிள்ளையின் கருவிழியில் விழுவது பக்கத்தில் நிற்கிற எனக்கே தெரியும், நிலவைப் பார்க்கும்போது அந்த வெளிச்சம் கன்னம் வரைக்கும் படும். அப்புறம் “தெரியுதா” என்று கேட்க மாட்டேன். “எத்தனை புள்ளி இருக்கு? எந்தப் பக்கம்?” என்று கேட்பேன். வியாழனுக்குப் பக்கத்தில் மூன்று புள்ளி, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ரெண்டு என்று பதில் வந்தால் உண்மையாகவே பார்த்திருக்கிறது. வீட்டிலேயே ஒரு காகிதக் குழாயை வைத்து இதைப் பழக்கிக் கூட்டிவாருங்கள். பத்து நிமிட வேலை, பலன் பெரிது.

கண்ணாடி போடுகிறவர்கள் கிட்டப்பார்வை, தூரப்பார்வைக்கு மட்டும் என்றால் கழற்றிவிட்டுக் குவியத்தைத் திருப்பிச் சரிசெய்து கொள்ளலாம். ஆஸ்டிக்மாட்டிசம், அதாவது கண்ணின் வளைவு சீராக இல்லாத குறை, உள்ளவர்கள் கழற்ற வேண்டாம். உங்கள் அம்மாவைப் பற்றிக் கவலை வேண்டாம். வயதான கண்ணின் மணி இருட்டில் இளையவர்கள் அளவுக்கு விரியாது, ஆனால் ஐபீஸிலிருந்து வரும் ஒளிக்கற்றை பொதுவாக அதைவிடச் சிறியது, அதனால் பார்ப்பதில் பெரிய குறை இருக்காது. ஏணியில் ஏறித்தான் பார்க்க வேண்டுமா என்பதை மட்டும் முன்பே கேட்டு வையுங்கள். நீளமான பழைய தொலைநோக்கிகளில் ஐபீஸ் சில சமயம் தலைக்கு மேல் போய்விடும்.

என்ன தெரியும் என்ற கேள்விக்கு வருவோம். படங்களில் பார்த்த வண்ணம் தெரியாது, இதையும் முன்பே சொல்லிவிடுங்கள். மங்கிய ஒளியில் நிறத்தை உணரும் செல்கள் வேலை செய்வதில்லை. ஓரியன் நெபுலா சாம்பல் நிறப் புகையாக, சிலருக்கு லேசான பச்சையாகத் தெரியும். ஆனால் அந்தப் புகைக்கு நடுவே நான்கு விண்மீன்கள் நெருக்கமாக நிற்பதைக் கண்டுபிடித்துவிட்டால், சுமார் 1,300 ஒளியாண்டு (ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தூரம் ஓர் ஒளியாண்டு) தொலைவில் புதிதாகப் பிறந்த விண்மீன்களைத் தன் கண்ணாலேயே பார்த்தாயிற்று. நிறம் வேண்டுமென்றால் பிரகாசமான இரட்டை விண்மீன்களைக் கேளுங்கள். அன்னம் விண்மீன் குழுவின் தலையிலுள்ள அல்பிரியோவில் ஒன்று பொன்மஞ்சள், ஒன்று நீலம். சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டரையும் அருந்ததியையும் வெறும் கண்ணால் பிரித்துப் பார்த்துவிட்டுத் தொலைநோக்கியில் பார்த்தால், வசிட்டரே இரண்டாகப் பிரிவார்.

எல்லோரையும் அசரவைப்பது சனிதான். அது சின்னதாகத் தெரியும், ஆனால் வளையம் அச்சாக வளையமாகவே இருக்கும். “யாரோ படம் ஒட்டியிருக்காங்க” என்று பெரியவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். 2025-இல் வளையங்கள் விளிம்பை நமக்குக் காட்டி, கோடாக மெலிந்து நின்றன. அதன்பிறகு விரியத் தொடங்கியிருக்கின்றன, 2032 வரை ஆண்டுக்கு ஆண்டு இன்னும் அகலமாகத் தெரியும். வியாழன் இருக்கும் மாதம் என்றால், வந்தவுடன் ஒரு தடவையும் கிளம்பும்போது ஒரு தடவையும் பாருங்கள். 1610 ஜனவரியில் கலிலியோ கண்ட நான்கு நிலவுகளில் அயோ 42 மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக எடுத்துக்கொண்டு வியாழனைச் சுற்றிவிடுகிறது. இரண்டு மணி நேரத்தில் இடம் மாறியிருப்பது தெரியும். பெரிய பிள்ளையிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்துவிட்டால், இரண்டு தடவையும் வரைந்து அதுவே ஒப்பிட்டுக்கொள்ளும். தெற்கு வானம் நன்றாகத் தெரியும் இடமாக இருந்து, ஏப்ரல், மே, ஜூன் மாலைகளாகவும் இருந்தால் ஒமேகா செண்டாரியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சுமார் ஒரு கோடி விண்மீன்கள் அடர்ந்த கொத்து அது.

ஒரே இரவில் பதினைந்து இருபது பொருள்களைக் காட்ட வேண்டும் என்று அலைய வேண்டாம். நான்கைந்து போதும், ஒவ்வொன்றையும் நின்று பாருங்கள். காற்று அமைதியாகும் கணங்களில்தான் வியாழனின் பட்டைகளும் சனி வளையத்தின் நடுவில் உள்ள கருங்கோடும் பளிச்சென்று தெளியும். அந்தக் கணத்துக்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். விண்மீன்கள் அன்றைக்கு ரொம்பவே மின்னினால் மேலே காற்று கலங்கியிருக்கிறது என்று பொருள். அப்போது உருப்பெருக்கத்தைக் குறைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

வரிசையில் காத்திருக்கும் நேரத்துக்கு நான் வைத்திருக்கும் விளையாட்டு இது. ஒவ்வொருவரின் வயதுக்கும் ஒரு விண்மீன் தேடுவது. புரோசியான் சுமார் 11.5 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. உங்கள் பெரிய பிள்ளை பிறந்ததை ஒட்டி அங்கிருந்து புறப்பட்ட ஒளிதான் இப்போது கண்ணில் விழுகிறது. அம்மாவுக்கு ரோகிணி, சுமார் 66 ஒளியாண்டு. பெற்றோர் முப்பத்தேழு வயதைச் சுற்றி இருந்தால் சுவாதி. ஆறு வயதுக்குப் பொருத்தமாகப் பிரகாசமான விண்மீன் எதுவும் இல்லை, ஆனால் ஆல்பா செண்டாரி 4.4 ஒளியாண்டு. அந்த ஒளி கிளம்பியபோது சின்னப் பிள்ளை தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்திருக்கும். இவை எல்லாம் ஒரே பருவத்தில் தெரியாது, போகிற மாதத்தில் எவை தெரியும் என்று ஒரு வானப் படச் செயலியில் முன்பே பார்த்து வையுங்கள். ரோகிணியின் ஒளி தன் வயது என்று தெரிந்த பாட்டிகள் அதை விட்டு நகர மாட்டார்கள்.

குளிரைப் பற்றிச் சுருக்கமாக: குவிமாடத்துக்குள் சூடேற்ற மாட்டார்கள். உள்ளே இருக்கும் காற்று வெளியைவிடச் சூடாக இருந்தால் அது எழும்பிப் படத்தைக் கலக்கிவிடும், அதனால் வேண்டுமென்றே வெளிக்குளிரிலேயே வைத்திருப்பார்கள். அசையாமல் நிற்பதால் குளிர் கூடுதலாகவே உறைக்கும். தலை, காது, பாதம் மூன்றையும் மூடுகிற மாதிரி உடை வேண்டும். படம் எடுக்கும் ஆசை இருந்தால் நிலவை மட்டும் போனில் எடுங்கள், மற்றதற்கு நேரம் வீண். ஃப்ளாஷை அங்கே போவதற்கு முன்பே அணைத்துவிடுங்கள், பக்கத்தில் நிற்பவர்களின் அரை மணிக் காத்திருப்பும் அதில்தான் இருக்கிறது.

கடைசியாக, மேகம். இதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் திட்டத்தில் இடம் வைக்கலாம். அந்த ஊரில் இரண்டு இரவு தங்குவதாக இருந்தால் முதல் இரவுக்குப் பதிவு செய்யுங்கள், மூடிக்கொண்டால் மறுநாள் மாற்றித் தர முடியுமா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். இரவு கிடைக்கவே இல்லை என்றால் பகலில் சூரியனைக் காட்டும் இடம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். தகுந்த வடிகட்டி போட்ட தொலைநோக்கியிலோ, திரையில் விழும் பிம்பத்திலோ சூரியப் புள்ளிகளைப் பார்க்கலாம். ஒவ்வொரு புள்ளியும் பெரும்பாலும் பூமியின் அளவோ அதைவிடப் பெரிதோ. 1909-இல் எவர்ஷெட் என்ற வானியலாளர் கொடைக்கானல் வானாய்வகத்தில் கண்டது, இந்தப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்பதைத்தான். வடிகட்டி இல்லாத தொலைநோக்கியையோ பைனாகுலரையோ சூரியன் பக்கம் திருப்பக் கூடாது என்பதை மட்டும் இரண்டு பிள்ளைகளிடமும் அழுத்திச் சொல்லுங்கள், ஒரு நொடியில் பார்வை போய்விடும். ஆறு வயதுப் பிள்ளைக்கு இரவு வரை விழித்திருப்பது கஷ்டம் என்று தோன்றினால், மேகம் இல்லாவிட்டாலும்கூட இந்தப் பகல் ஏற்பாட்டையே முதலில் வைத்துக்கொள்ளலாம். இரவு நிகழ்ச்சிக்குப் பெரியவளோ பெரியவனோ ஒருவரோடு போக, சின்னது தங்குமிடத்தில் தூங்கட்டும்.